விடைத்தாளின் ஓரத்தில் ஒரு நான்கு

உங்களில் பாதிப் பேர் இந்த ஆண்டுதான் முதன்முதலாக மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறீர்கள் என்று சொன்னார்கள். அடுக்கு விதிகளைப் பிள்ளைகளுக்கு எப்படி நடத்துவது என்று பேசத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். விதிகள் உங்களுக்குத் தெரியும். அவற்றை மறுபடி சொல்லி உங்கள் மதியத்தைக் கெடுக்க எனக்கு மனமில்லை. அந்தப் பாடத்தால் என் மாணவர்கள் ஐந்து பேருக்கு ஒரு நாள் வந்த சோதனையைச் சொல்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகை முன்னால் நின்றவள் நான். பெருமைப்பட்டுக்கொள்ளச் சில விஷயங்கள் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

அதற்கு முன்னால், ஒரு பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அச்சரப்பாக்கம் பக்கம் ஒரு பள்ளியில் இருந்தேன். இரண்டுக்கு மேல் மைனஸ் ஒன்று என்று அடுக்கு எழுதி, இதன் மதிப்பு என்ன என்று கேட்டால், வகுப்பே சேர்ந்து “மைனஸ் ரெண்டு டீச்சர்” என்று சொல்லும். இல்லை, அரை என்பேன். தலையை ஆட்டுவார்கள். மறுநாள் கேட்டால் மறுபடி மைனஸ் இரண்டுதான். நான் விதியைத் திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருந்ததைப் பக்கத்து வகுப்பில் இருந்த மூத்த ஆசிரியை கேட்டிருக்கிறார். இடைவேளையில் என்னிடம் வந்து, “நீ சொல்றத அதுங்க ஏன் நம்பணும்? ஒரு நம்பரப் போட்டுப் பாக்கச் சொல்லு. நம்பர் பொய் சொல்லாது. உனக்கும் தொண்டை மிச்சம்” என்றார். அவ்வளவுதான். தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து என் வகுப்பில் ஒரு வழக்கம். அடுக்குக் கணக்கைச் சுருக்கி முடித்தால், விடைத்தாளின் ஓரத்தில் x-க்கு ஓர் எண்ணைப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். அடுக்கில் அரை இருந்தால் நான்கு. மூன்றில் ஒன்று இருந்தால் எட்டு. இரண்டும் கலந்து வந்தால் அறுபத்திநான்கு. ஒன்றை மட்டும் போடக் கூடாது. அதை எந்த அடுக்குக்கு உயர்த்தினாலும் ஒன்றுதான். எல்லாருக்கும் ஆமாம் போடுகிற எண் அது, தப்பைக் காட்டிக்கொடுக்காது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். அப்போது நான் திருவிடந்தைக்குப் பக்கத்துப் பள்ளிக்கு மாறி வந்து வெகு காலம் ஆகியிருந்தது. கடற்கரைக் குப்பத்துப் பிள்ளைகளும், உள்ளே காலனியிலிருந்து வரும் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற பள்ளி. படூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி இருந்தது. பெயர் வேண்டாம். சுற்றுவட்டாரப் பள்ளிகளின் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு அவர்கள் ஒரு கணக்குத் தேர்வு வைப்பார்கள். அதில் முன்னால் வருபவர்கள் அங்கே கட்டணம் இல்லாமல் படிக்கலாம். அந்த வருடம் முதல் பட்டியலில் எங்கள் பள்ளியிலிருந்து ஐந்து பேர் இருந்தார்கள். எங்களுக்கு அது திருவிழாதான்.

இரண்டு நாள் கழித்து, நான் வகுப்பில் இருக்கும்போது அலுவலக உதவியாளர் வாசலில் வந்து நின்றார். அந்த ஐந்து பேரையும் பெயர் சொல்லி எழுப்பினார். “காலேஜ்லேர்ந்து போன் வந்திச்சி. நீங்க காப்பி அடிச்சிட்டீங்களாம். உடனே கூட்டினு வரச் சொல்றாங்க” என்றார். மெதுவாகச் சொல்லத் தெரியாத மனிதர். வகுப்பு முழுக்கக் கேட்டது. மதியத்துக்குள் ஊர் முழுக்கக் கேட்டிருக்கும்.

தலைமையாசிரியர் செங்கல்பட்டில் ஒரு கூட்டத்தில் இருந்தார். போனில், “நீங்களே போயிட்டு வாங்க டீச்சர். உங்களுக்குச் சரின்னு பட்டதைச் செய்யுங்க” என்று சொல்லி வைத்துவிட்டார். ஐந்து பேரையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கோவளத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். அங்கே மீன் விற்றுக்கொண்டிருந்தார் தேன்மொழியின் அம்மா. தேன்மொழி அந்த ஐவரில் ஒருத்தி. வகுப்பில் அதிகம் பேசாதவள். பள்ளி நேரத்தில் மகள் என்னோடு நிற்பதைப் பார்த்து, கூடையைப் பக்கத்துக்காரியிடம் விட்டுவிட்டு வந்தார்.

“இன்னா டீச்சர், இன்னாச்சி?”

சொன்னேன். அவர் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தாள்.

“எம்பொண்ணு அடிக்காது” என்றார் அவர். என்னிடம் முறையிடவில்லை. தகவல் சொல்வது போலச் சொன்னார். திரும்பிப் போய்க் கூடைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

கல்லூரியில் ஒரு பெரிய அறை. கணிதத் துறைத் தலைவர் ஒருவர், நரைத்த தலை, கண்ணாடி. அவருக்குப் பக்கத்தில் சேர்க்கையைக் கவனிக்கும் அதிகாரி, இளைஞர். மேசைமேல் ஐந்து விடைத்தாள்கள். பிள்ளைகளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள்.

அதிகாரிதான் ஆரம்பித்தார். “மேடம், இந்தக் கணக்கப் பாருங்க.”

(x³ᐟ² − x⁻¹ᐟ²) ÷ (x¹ᐟ² + x⁻¹ᐟ²). சுருக்குக. விடை x − 1. ஐந்து பேரும் சரியாகப் போட்டிருந்தார்கள்.

“மத்த ஸ்கூல் பசங்க எல்லாம் ரூட்டா மாத்தி, பின்னமா மாத்தி, ஒவ்வொருத்தன் ஒவ்வொரு வழியில போயிருக்கான். உங்க பசங்க அஞ்சு பேரும் ஒரே மாதிரி மைனஸ் அரைய வெளிய எடுத்திருக்காங்க. அதுகூடப் பரவால்ல. இந்த ஓரத்தப் பாருங்க. அஞ்சு தாள்லயும் நாலுன்னு எழுதி வட்டம் போட்டிருக்கு. இது என்ன, சிக்னலா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, “அது நான் சொல்லிக்குடுத்த வழக்கம் சார்” என்று தொடங்கினேன்.

“நீங்க அப்படித்தான் சொல்வீங்க மேடம். உங்க பசங்களாச்சே” என்றார்.

சிரிப்பு போய்விட்டது. நான் எதைச் சொன்னாலும் அது வக்கீல் பேச்சாகத்தான் போகும் என்று புரிந்தது. துறைத் தலைவர் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். “பெரிசாக்க வேணாம்னு நினைக்கிறோம். இதுல யாரோ ரெண்டு பேர் நிஜமாவே போட்டிருப்பாங்க, மத்தவங்க பாத்து எழுதியிருப்பாங்க. யார் அந்த ரெண்டு பேர்னு உங்களுக்குத் தெரியும். நீங்களே சொல்லுங்க. அவங்களுக்கு சீட். மூணு பேர் தாங்களா விலகிட்டதா வச்சுக்கலாம். வெளிய ஒரு வார்த்தை போகாது.”

இளம் நண்பர்களே, இந்த மாதிரி ஒரு பேச்சு உங்களிடமும் ஒரு நாள் வரும். உதவி செய்வது போலத்தான் வரும். ஐந்தும் போவதைவிட இரண்டு பேராவது மிஞ்சட்டுமே என்று மனம் கணக்குப் போடும். எனக்கும் போட்டது, மறைக்கவில்லை. ஒரு கணம் இரண்டு முகங்கள் மனத்தில் வந்துகூடப் போயின. ஆனால் அந்த இரண்டைச் சொன்னால், மற்ற மூன்று பேரைத் திருடர்கள் என்று அவர்களுடைய ஆசிரியையே சான்று கொடுத்ததாகிவிடும். அதிகாரி கேட்டது அதைத்தான். அவருக்கு அது தெரிந்திருந்ததா இல்லையா என்பது வேறு.

“அஞ்சு பேரும் போட்டாங்க சார். ரெண்டு பேர் யாருன்னு எனக்குத் தெரியாது, ஏன்னா அப்படி ரெண்டு பேர் இல்ல” என்றேன். பிறகு துறைத் தலைவரிடம், “உங்களுக்குச் சந்தேகம்னா இப்பவே புதுக் கணக்கு குடுங்க. ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு மூலை. ஆனா முதல்ல நான் அவங்களக் கேட்டுட்டு வரேன்” என்றேன்.

அவர் முதன்முறையாக நிமிர்ந்தார். “கேட்டுட்டு வாங்க” என்றார்.

வெளியே வந்து நடந்ததைச் சொன்னேன். நால்வர் சரி என்று தலையாட்டினார்கள். தேன்மொழி ஆட்டவில்லை.

“நான் எழுத மாட்டேன் டீச்சர். ஒருக்கா எழுதிட்டேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பக்கத்தில் இருந்த ஸ்டீபன் அவள் பக்கம் திரும்பினான். காலனிப் பையன், வகுப்பிலேயே வாயாடி. “ஏய், சீட்டு பூடும். இன்னாத்துக்கு வம்பு? எழுதிட்டு வூட்டுக்குப் போய்க்கினே இருக்கலாம்.”

“நீ எழுது, வேணாம்னு சொல்லல. நான் திருடல. திருடலன்னு காட்டறதுக்கு நான் இன்னாத்துக்கு எழுதணும்? நான் எழுதுன பேப்பர் அங்கதான கீது. அதுல இன்னா வேணும்னாலும் கேக்கட்டும், சொல்றேன்.”

வற்புறுத்தினால் எழுதியிருப்பாள். என் பேச்சைத் தட்டாத பெண். வற்புறுத்தத்தான் வாயெடுத்தேன். அம்மா வெயிலில் உட்கார்ந்திருக்கிறாரே, சீட் போய்விட்டால் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றெல்லாம் ஓடியது. ஆனால் அவள் சொன்னதில் பிழை எங்கே என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. ஒருவர் சொல்வதில் பிழை கிடைக்காதபோது அதை ஒத்துக்கொள்ள வேண்டும் என்றுதானே இத்தனை வருடம் இவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“சரி, வா” என்றேன்.

உள்ளே போய்ச் சொன்னபோது அதிகாரி, “எழுத மாட்டேன்னா ஒத்துக்கிட்ட மாதிரிதானே” என்றார்.

“அவ தேர்வு எழுதிட்டா சார். தாள் உங்க கையிலதான் இருக்கு. எந்த வரிய வேணும்னாலும் கேளுங்க. சொல்லலன்னா அப்புறம் நீங்க சொல்றது சரி” என்றேன்.

துறைத் தலைவர் நால்வரையும் நான்கு மூலைகளில் உட்கார வைத்து ஆளுக்கொரு கணக்கை எழுதிக்கொடுத்தார். பிறகு தேன்மொழியின் தாளை எடுத்தார்.

“ஏம்மா, இதுல ஏன் மைனஸ் அரைய வெளிய எடுத்த?”

“அதான் சார் இருக்கறதுலயே சின்ன அடுக்கு. சின்னத வெளிய எடுத்துட்டா உள்ள மிஞ்சறதெல்லாம் முழு நம்பரா வரும். மேல x ஸ்கொயர் மைனஸ் ஒண்ணு, கீழ x ப்ளஸ் ஒண்ணு. வெளிய எடுத்தது ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், அடிபட்டுப் பூடும்.”

“பெரிய அடுக்க எடுத்தா?”

“எடுக்கலாம் சார். தப்பில்ல. ஆனா உள்ள மைனஸ் அடுக்கு நின்னுக்கினே இருக்கும். மறுபடியும் அதக் கெளறணும்.”

“இந்த நாலு எதுக்கு?”

“போட்டுப் பாக்க சார். நாலுக்கு ரூட் எடுத்தா ரெண்டு, முழுசா வரும். ஒம்போது கூடப் போடலாம். பெருக்கறதுக்கு பேஜாரு.”

அவர் இரண்டு பக்கம் தள்ளிப் புரட்டினார். “இங்க எட்டு போட்டிருக்க?”

“அது மூணுல ஒண்ணு அடுக்கு சார். நாலுக்குக் கியூப் ரூட் முழுசா வராது.”

“அப்ப இங்க அறுபத்திநாலு?”

“அதுல ரெண்டும் கீது.”

துறைத் தலைவர் மற்ற நான்கு தாள்களையும் வரிசையாகப் பரப்பினார். அரை அடுக்கு வந்த இடத்தில் நான்கு, மூன்றில் ஒன்று வந்த இடத்தில் எட்டு, இரண்டும் வந்த இடத்தில் அறுபத்திநான்கு. ஐந்து தாளிலும். அதிகாரி எட்டிப் பார்த்தார். முதல் கணக்கோடு நிறுத்திக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. சந்தேகம் வந்த பிறகு அடுத்த பக்கத்தைப் புரட்டவே இல்லை.

அந்த நேரத்தில்தான் எனக்கு இன்னொரு பயம் வந்தது. ஸ்டீபன் என் பக்கத்து மூலையில் இருந்தான். அவனுக்கு வந்த கணக்கு (x − 9x⁻¹) ÷ (x¹ᐟ² + 3x⁻¹ᐟ²). மேலே x⁻¹, கீழே x⁻¹ᐟ² என்று அழகாக வெளியே எடுத்துவிட்டான். பிறகு ஒன்றை மற்றொன்றால் வகுக்கும்போது, மைனஸ் ஒன்றிலிருந்து மைனஸ் அரையைக் கழிக்க வேண்டிய இடத்தில், இரண்டையும் கூட்டி மைனஸ் ஒன்றரை என்று எழுதிவிட்டான். நான் நின்ற இடத்திலிருந்து தெளிவாகத் தெரிந்தது. வகுப்பாக இருந்தால் அவன் தோளைத் தட்டியிருப்பேன். இங்கே நான் இருமினால்கூடத் தீர்ந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். வெளியே யாரோ பைக்கைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள், அது கிளம்பவே இல்லை.

சற்று நேரத்தில் அவன் குரல் கேட்டது.

“சார், ஒத்து வரல.”

எல்லாரும் திரும்பினோம்.

“நாலு போட்டா கணக்குல அரை வருது. என் விடையில எட்டுல ஒண்ணு வருது. எங்கியோ தப்பு கீது. கொஞ்சம் இருங்க சார்.”

யாரிடம் பேசுகிறோம், எதற்காக இங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதெல்லாம் அவனுக்கு மறந்துபோயிருந்தது. பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு மேலிருந்து ஒவ்வொரு வரியாக வந்தான். அந்த வரிக்கு வந்ததும், “த்தா, இங்க கீது பாரு, மைனஸுக்கு மைனஸ்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டே அடித்துத் திருத்தினான். மைனஸ் அரை. மறுபடி நான்கைப் போட்டான். அரைக்கு அரை ஒத்துப்போனது. தாளைக் கொண்டுவந்து நீட்டினான்.

துறைத் தலைவர் அந்த அடித்தல் திருத்தலையே வெகுநேரம் பார்த்தார். மற்ற மூவரின் தாள்களையும் வாங்கிப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் சொன்னார்: “காப்பி அடிக்கிறவன் தன் விடையச் சந்தேகப்பட மாட்டான் தம்பி.”

பிள்ளைகள் பக்கம் திரும்பி, “நான்தான் தப்பா நினைச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க. அஞ்சு பேரும் வந்து சேருங்க” என்றார். பெரிய மனிதர் சொல்ல வேண்டிய விதத்தில்தான் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று பார்த்தால், தேன்மொழி நகரவில்லை.

“சார், ஒண்ணு சொல்லட்டா?”

“சொல்லும்மா.”

“நீங்க இங்க ரூமுக்குள்ள சொல்லிட்டீங்க. நாங்க காப்பி அடிச்சோம்னு ஸ்கூல்ல எல்லார் முன்னாடியும் சொல்லித்தான் கூட்டியாந்தாங்க. அவங்களுக்கு யார் சொல்றது?”

அதிகாரி என்னைப் பார்த்தார், அடக்குங்கள் என்பது போல. நான் அடக்கவில்லை. வாழ்க்கையில் நான் சரியாகச் செய்த காரியங்களில் ஒன்று அப்போது வாயை மூடிக்கொண்டு நின்றது.

துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நியாயம்தான். நானே ஸ்கூலுக்கு வந்து சொல்றேன்” என்றார்.

அடுத்த வாரம் காலை வழிபாட்டுக்கு, சொன்னபடி வந்துவிட்டார். தனியாகத்தான் வந்தார். சவுக்குத் தோப்புப் பக்கம் இருக்கும் மைதானத்தில் பள்ளி முழுவதும் வரிசையில் நின்றது. மைக்கைப் பிடித்து, “இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க அஞ்சு பேர் மேல நாங்க சந்தேகப்பட்டோம். முழுசாப் பாக்காம சந்தேகப்பட்டோம். அவங்க எழுதினது அத்தனையும் அவங்க சொந்தமாப் போட்டது. தப்பு எங்க மேலதான்” என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. பிள்ளைகள் கை தட்டிய சத்தம் அடங்கத்தான் நேரம் ஆனது. ஸ்டீபன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான், தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி.

தேன்மொழி வரிசையை விட்டு முன்னால் வந்தாள்.

“சார், இப்ப ஒரு கணக்கு குடுங்க. போடறேன்.”

அவர் சிரித்துவிட்டார். தாழ்வாரத்தில், அன்றைய செய்தி எழுதும் கரும்பலகை இருந்தது. அதில் ஓர் ஓரத்தைத் துடைத்துவிட்டு, x, y இரண்டும் வருகிற மாதிரி, எல்லாமே மைனஸ் அடுக்காக ஒரு கணக்கை எழுதினார்: (x⁻¹ + y⁻¹) ÷ (x⁻² − y⁻²). அவள் சுண்ணக்கட்டியை வாங்கினாள். ஒரு வரி, இரண்டு வரி, மூன்றாவது வரியில் விடை. xy ÷ (y − x). யாரும் அவளைச் சோதிக்கவில்லை, அவளும் யாருக்கும் எதையும் நிரூபிக்கவில்லை. கணக்கு வந்தது, போட்டாள். அவ்வளவு சுலபமாக ஒரு கை கரும்பலகையில் ஓடுவதை நான் என் கையில்கூடப் பார்த்ததில்லை.

ஐந்து பேரும் அந்தக் கல்லூரியிலேயே சேர்ந்து படித்தார்கள். நல்ல வேலைகளில் இருக்கிறார்கள். எழுதிய நால்வரைப் பற்றியும், எழுத மறுத்தவளைப் பற்றியும் எனக்கு ஒரே அளவு பெருமைதான். அதை ஐந்தாகப் பிரித்துக் கொடுக்க எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். உங்கள் பிள்ளைகளுக்குச் சரிபார்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டால், பிறகு அவர்கள் உங்களையும் சரிபார்ப்பார்கள், மற்றவர்களையும் சரிபார்ப்பார்கள். அப்போது குறுக்கே நிற்காதீர்கள்.

அன்று காலை தேன்மொழியின் அம்மாவும் வந்திருந்தார். வியாபாரத்துக்குப் போகும் வழி, கூடையோடு பள்ளி கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பிள்ளைகள் வகுப்புக்குக் கலைந்ததும் அவரிடம் போனேன்.

“பாத்தீங்களாம்மா? சரியாப் போட்டுட்டா” என்றேன்.

“அது தெரியும் டீச்சர்” என்றார். கரும்பலகையைக் கைகாட்டினார். “இன்னா எழுதிச்சின்னு சொல்லு.”

மணி அடித்துவிட்டது. முதல் பீரியட் எனக்கு இருந்தது. இருக்கட்டும் என்று, அவரைப் பலகைக்குப் பக்கத்தில் அழைத்துப்போய், முதல் வரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.